கிணற்றிலிருந்து 28 அடி

ஐந்து வருடத்துக்குப் பிறகு போன ஆவணியில் ஊருக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. நல்லூர்த் திருவிழாக் காலம், ஒழுங்கை முழுக்கக் கனடா, நோர்வே ஆட்கள். புது வீடுகள் நிறைய எழும்பியிருக்கின்றன. அறைக்கு ஒரு குளியலறை.

அக்காவின் மகளுக்கு மூன்று மாதக் குழந்தை. கிணற்றுத் தண்ணீரில்தான் பால்மா கரைக்கிறாள். கேட்டதற்கு, "நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் கரைக்கிறன் மாமா" என்றாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் தண்ணீரில் கரையும் நைத்திரேற்று உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு அது ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தி குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும்.

அடுத்த நாளே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது.

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கொட்டிய உரம் ஒரு காரணம். மற்றது மலசலகூடக் குழி. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. குழித் தண்ணீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள், இந்தக் கல்லில் அதுவும் போதாது. நாடா பிடித்து அளந்தேன். 28 அடி. நான் அனுப்பிய காசில் கட்டிய குழி அது. அடிப்பக்கம் சீமெந்து பூசாத குழி.

மேசனிடம் கேட்டேன். "அடி பூசினா கெதியா நிரம்பிடும் அண்ணை. பிறகு ஒவ்வொரு முறையும் குழி இறைக்கிற பவுசருக்குக் காசு கட்ட வேணுமெல்லோ" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது பெரிய செலவுதான். ஆனால் வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளுக்கும் இதே குழிதான் வெட்டுகிறார்கள். நாங்கள் தரை ஓட்டின் நிறத்தைக் கேட்கிறோம், குழியைப் பற்றிக் கேட்பதில்லை.

குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. முதலில் இரணைமடுக் குளத்திலிருந்து கொண்டுவருவதாகத்தான் திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அப்புறம் தாளையடிக் கடற்கரையில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர். பெரிய விடயம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் கழிவுநீர்க் குழாய் இல்லை. கடலிலிருந்து அவ்வளவு மின்சாரம் செலவழித்து எடுக்கும் தண்ணீரும் கடைசியில் அதே குழிக்குள்தான் இறங்கும்.

மூன்று வாரத்தில் முடிந்ததைச் செய்தோம். பழைய குழியை இறைத்து மூடினோம். வளவின் மறுகோடியில் அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தாங்கி கட்டி, அதில் வழிகிற தண்ணீரைச் சரளைக்கல் பாத்தி வழியாக வாழைகளுக்கு விட்டோம். கூரைக்குப் பீலி பூட்டி 5,000 லீற்றர் தாங்கியும் வைத்தாயிற்று. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தாலே 2,000 லீற்றருக்கு மேல் சேரும். மழை வரும்வரை குழந்தைக்குக் கடையில் சுத்திகரித்த தண்ணீர்.

நைத்திரேற்று இதோடு நின்றுவிடாது, சுற்றிவரத் தோட்டம். மாரி முடிந்து தை மாதம் திரும்பவும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து. எங்கள் பழைய குழிக்கு அவர்களுடைய கிணறு இன்னும் கிட்ட.