மெட்ரிக் பள்ளியா, ஆர்.டி.இ. சீட்டா, மாநகராட்சிப் பள்ளியா?

சென்னையில் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற குடும்பங்களுக்கு முன்னால் இருப்பவை இந்த மூன்று வழிகள்தான். பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது தெருவில் உள்ள சின்ன மெட்ரிக் பள்ளியை. ஆங்கில வழி, டை, ஷூ. ஆனால் மழைக்காலத்தில் வேலை நின்றால் ஃபீஸ் பாக்கி விழும், வட்டிக்குக் கடன் ஏறும். குறைந்த சம்பளத்தால் ஆசிரியர்களும் நிலைப்பதில்லை.

ஆர்.டி.இ. எனப்படும் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஃபீஸ் இல்லாமல். நல்ல பள்ளி கிடைத்தால் இதுவே சிறந்த வாய்ப்பு. ஆனால் வருமானச் சான்றிதழுக்கு அலையும் நாளெல்லாம் கூலி போகும், அப்புறம் குலுக்கல். இடம் கிடைத்தாலும் புத்தகம், சீருடை, வேன் என்று பல பள்ளிகள் பணம் கேட்கின்றன. 2025-இல் மத்திய நிதி வராமல் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு அதுவரை யார் காத்திருக்க முடியும்?

மாநகராட்சிப் பள்ளியில் ஃபீஸ் இல்லை. தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. ஆங்கில வழி வகுப்புகளும் இருக்கின்றன. பலர் கவனிக்காதது வேறொன்று: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்லூரிக் காலத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அந்தப் படிப்பு தகுதி தரும். கடன் வாங்கி எட்டாவது வரை மெட்ரிக்கில் படிக்கவைத்து, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றும் குடும்பம் இரண்டையும் இழக்கிறது. அதே எட்டாவது வரை ஆர்.டி.இ. சீட்டில் படித்து மாறிய பிள்ளைக்கு ஒதுக்கீடு உண்டு. இதைச் சேர்க்கையின்போதே பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாநகராட்சிப் பள்ளிகளில் என்னை உறுத்துவது தொடக்க வகுப்பு வாசிப்புதான். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் இடத்தில், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அப்படியே மேலே போய்விடுகிறது.

என் தேர்வு: நடக்கும் தூரத்தில் நல்ல பள்ளியில் ஆர்.டி.இ. சீட் கிடைத்தால் அது. இல்லையென்றால் மாநகராட்சிப் பள்ளி, கூடவே மாலையில் வாசிப்புப் பயிற்சி. மெட்ரிக் என்றால் ஐந்தாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூவம் கரையிலிருந்து நகருக்கு வெளியே உள்ள பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இந்தக் கணக்கும் உதவாது. ஆர்.டி.இ. சீட் வீட்டோடு கூட வராது. நுழைவு வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்குப் புது இடத்தில் அந்த வழியே இல்லை. பழைய பள்ளிக்குப் போக வேண்டுமானால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும்.