சிம்பிள்எக்ஸ் சாட்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகும் மிஞ்சும் ஐயங்கள்

முன்பின் அறியாத ஒரு நிரலாளர் எழுதிய செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் செயலியை எதை நம்பிப் பயன்படுத்துவது என்ற தயக்கத்தோடுதான் சிம்பிள்எக்ஸ் சாட்டை நிறுவினேன். 2022-ல் கைபேசிகளுக்கு வந்த இச்செயலியின் பின்னால் பெருநிறுவனம் எதுவும் இல்லை. எவ்கேனி போபெரெஸ்கின் என்பவர் தொடங்கிய சிறு குழுவே இருந்தது.

அந்தத் தயக்கம் வீண் அச்சமன்று. பாதுகாப்பானது என்று விற்கப்பட்ட அனோம் செயலியை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே நடத்திவந்தது 2021 ஜூனில் வெளியானது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பயனர்கள் பார்க்க வழியிருக்கவில்லை. கிரிப்டோகேட் என்ற உரையாடல் செயலியின் மூல நிரலோ (செயலி எழுதப்பட்ட நிரல் வரிகள்) எல்லோருக்கும் திறந்தே இருந்தது; ஆனாலும் குழு உரையாடல்களுக்கான மறையாக்கச் சாவிகளை உருவாக்கும்போது, 256 மதிப்புகள் கொள்ளும் பைட்டுகளுக்குப் பதிலாக வெறும் பதின்ம இலக்கங்களைக் (0 முதல் 9 வரை) கையாண்டு சாவிகளை எளிதில் ஊகிக்கவைத்த பிழை 2013 வரை கவனிக்கப்படாமலே கிடந்தது. மூல நிரல் திறந்திருக்கிறது என்பதை மட்டுமே சான்றாக நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

சிம்பிள்எக்ஸில் என்னை முதலில் ஈர்த்தது, அது தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கேட்பதில்லை என்பதுதான். பயனருக்கென நிலையான அடையாள எண்ணும் கிடையாது. ஒவ்வொரு தொடர்புக்கும் சேவையகத்தில் செய்திகள் காத்திருக்கும் தனித்தனி வரிசைகள் உருவாகின்றன. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் இணைப்பை அனுப்பியோ, நேரில் க்யூஆர் குறியைக் காட்டியோ ஒருவரைச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு இருவரும் தத்தம் திரையில் தெரியும் பாதுகாப்புக் குறியீட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலர் தவிர்த்துவிடும் இந்த வேலையை எப்போதும் நேரில் சந்தித்தே செய்கிறேன், ஏனெனில் இணைப்பு கைமாறும் வழியில் எவரும் இடையில் புகவில்லை என்று உறுதிசெய்ய இதுவே வழி.

2022-ல் டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதன் மறையாக்க, பிணைய வேலைகளைச் செய்யும் நிரல் நூலகத்தை ஆய்வு செய்தது. கண்ட குறைகள் பொதுவில் வெளியிடப்பட்டன. 2024-ல் செய்திப் பரிமாற்ற விதிகளான நெறிமுறையின் வடிவமைப்பையும் அதே நிறுவனம் ஆராய்ந்தது. என் மதிப்பு உயர்ந்தது உண்மை. ஆயினும் முதல் ஆய்வின் எல்லை அந்த நூலகமே. திரையில் நாம் தொடும் செயலி முழுவதும் அதற்குள் அடங்கவில்லை.

பெறுநர் தேர்ந்தெடுத்த சேவையகத்துக்கு அனுப்புநரின் ஐபி முகவரி (இணையத்தில் அவரது சாதனத்தைக் காட்டும் எண்) தெரிந்துவிடும் என்பது தொடக்கத்தில் எனக்கிருந்த பெரிய குறை. 2024-ல் வந்த 5.8 பதிப்பு, செய்திகளை இன்னொரு சேவையகத்தின் வழியே அனுப்பும் முறையைக் கொண்டுவந்து அதைப் பெருமளவு தீர்த்தது. செயலியில் முன்கூட்டியே அமைந்துவரும் சேவையகங்கள் அனைத்தையும் ஒரே குழு நடத்தியதும் உறுத்தலாகவே இருந்தது. அவ்வாண்டின் இறுதியில்தான் சேவையகங்களை நடத்தும் இரண்டாவது நிறுவனம் சேர்க்கப்பட்டது.

அன்றாடப் பயன்பாட்டில் மிகுந்த கவனம் கேட்பது தரவுத்தளம். உரையாடலும் தொடர்புகளும் கைபேசியிலேயே இருப்பதால், தரவுத்தளத்தைப் படியெடுத்து (ஏற்றுமதி செய்து) வேறிடத்தில் வைக்காதவர் கைபேசியைத் தொலைத்தால் எல்லாத் தொடர்புகளையும் இழப்பார். அதற்காக ஒரே தரவுத்தளத்தை இரு கைபேசிகளில் ஒரே நேரத்தில் இயக்கவும் கூடாது. மறையாக்க நிலை முரண்பட்டு, செய்திகளைப் படிக்க முடியாமல் போகும். தொழில்நுட்பப் பழக்கம் இல்லாத பெற்றோருக்கு இதை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நண்பர்களோடும் உடன் பணிபுரிவோரோடும் பேச இன்றும் இதையே பயன்படுத்துகிறேன். ஆனால், வெளிப்பட்டால் ஒருவரின் வேலையோ உயிரோ போகக்கூடிய செய்திகளுக்கு, பல ஆண்டுகளாகப் பல ஆய்வாளர்கள் அலசிய சிக்னல் செயலியையே நாடுகிறேன். செயலி முழுவதையும் தழுவிய வெளி ஆய்வு ஒன்று வரும் வரை இந்தப் பிரிவினையை மாற்றப்போவதில்லை.