அம்மத்தொட்டிலா, ஒப்படைப்புப் பத்திரமா?

கருவுற்ற நொடியிலிருந்தே உயிர் புனிதமானது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. பெற்றெடுத்தும் வளர்க்க வழியில்லாத தாய்க்குக் தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் இரு வழிகள் உண்டு.

திருவனந்தபுரம் தைக்காட்டில் 2002 முதல், வளர்க்க முடியாத குழந்தையை விட்டுச்செல்வதற்கான அம்மத்தொட்டில் இருக்கிறது. குழந்தையைக் கிடத்தினால் உள்ளே மணி அடிக்கும். பெயர், ஊர் யாரும் கேட்கமாட்டார்கள். ரகசியம் காக்க இதைவிட எளிய வழியில்லை. ஆனால் பரம்பரை நோய் விவரம் எதுவும் பிள்ளையோடு போகாது. மனம் மாறித் திரும்பினால், தாய் தானென்று நிரூபிக்க மரபணுச் சோதனை வரை போக நேரலாம். ரகசியம் வெளியாகுமோ என்று பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து: ரத்தப்போக்கு தாயையும், குளிர் சிசுவையும் கொன்றுவிடலாம்.

மற்றது, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின்முன் ஒப்படைப்பது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி முதலில் ஆலோசனை, பிறகு ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து. மறுபரிசீலனைக்கு இரண்டு மாதம் உண்டு. அதற்குள் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். தாயின் அடையாளம் வெளியே போகாது.

எங்கள் பரிந்துரை இரண்டாவதுதான். மருத்துவமனைப் பிரசவம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பு. அதற்கும் துணிவில்லையா? தொட்டிலுக்கே போகட்டும், புதருக்கு மட்டும் வேண்டாம்.