60 லிட்டர் ஓடிஜி: வீட்டில் கேக் செய்து விற்கிறவர்களுக்குச் சரிவருமா?

கேக் ஆர்டர் எடுக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஓடிஜி (கேக், பிஸ்கட் வேகவைக்கும் சின்ன மின்சார ஓவன்) வாங்கலாம் என்பதைத்தான். நான் 28 லிட்டரில் ஆரம்பித்து, இப்போது பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் 60 லிட்டர், 2000 வாட், உள்ளே விசிறியோடு வருகிற ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் எழுதவில்லை, இந்த அளவில் கிடைப்பவற்றின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வீட்டுக்கு மட்டும் செய்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது இடம். ஒரு கிலோ கேக்குக்கான ஏழு அங்குல டின் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, நடுவில் காற்றோடவும் இடம் இருக்கிறது. சின்ன ஓடிஜியில் ஒன்று வெந்து இறங்கும்வரை அடுத்த மாவைக் கலக்க முடியாது, கலக்கி வைத்தால் பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும். டிசம்பரில் பிளம் கேக் ஆர்டர் வரும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், 150 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகிற சரக்கு அது. டைமர் 60 நிமிடம்தான், அதனால் தானாக அணையாமல் ஓடும் ‘ஸ்டே ஆன்’ பக்கம் திருப்பிவிட்டு போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன்.

சூடுதான் பிரச்சினை. சூட்டுக்கான திருகுக் குமிழை 180 டிகிரியில் வைத்தால் உள்ளே 160 பக்கம்தான் காட்டுகிறது, அதுவும் பின்பக்க இடது மூலை மட்டும் தனியாகக் கொதிக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிடாமல் ஆர்டர் கேக் எதையும் வைக்காதீர்கள். முக்கால் பங்கு வெந்த பிறகு டின்னைத் திருப்பி வைக்க வேண்டும், அதற்கு முன்னால் கதவைத் திறந்தால் ஸ்பாஞ்ச் நடுவில் அமுங்கிவிடும். கூடவே தருகிற கறுப்புத் தட்டின் மேல் டின்னை வைத்தால் அடி கருகுகிறது, கம்பி வலைதான் சரி. விசிறி பட்டர் பிஸ்கட்டுக்கு அருமை, இரண்டு தட்டும் ஒரே நிறத்தில் வரும், ஆனால் கேக்குக்குப் போட்டால் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கிறது. தூத்துக்குடி மக்ரூன் செய்து விற்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்த அந்தக் கூம்பு குறைந்த சூட்டில் மெல்ல உலர வேண்டிய பண்டம். இதில் சூடேற்றும் கம்பியான ராட் எரிந்து எரிந்து அணைவதால் அந்தச் சீரான இளஞ்சூடு கிடைப்பதில்லை, வெளியே சிவந்து உள்ளே பிசுபிசுக்கிறது.

அப்புறம் கரன்ட். 2000 வாட் என்றால் சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். விடாமல் எரிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், நடுவில் அணைந்து எரிவதால் அதைவிடக் குறையும். ஆனால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்கட்டண அடுக்கே மாறிவிடுகிறது, கேக் விலை போடும்போது இதைப் பலரும் சேர்ப்பதில்லை, வெண்ணெய் விலையை மட்டும் பார்க்கிறார்கள். வீட்டு இன்வர்ட்டர் இதை இழுக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை மின்தடை என்று அறிவிக்கிற நாளுக்கு நான் ஆர்டரே எடுப்பதில்லை.

விற்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது வாரன்டி அட்டை. ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், வியாபாரத்துக்கு என்று சொன்னால் இலவசப் பழுது கிடையாது. விளம்பரத்தில் மட்டும் ‘ஹோம் பேக்கர்களுக்கு ஏற்றது’ என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வெளியில் ராட் மாற்றிக்கொடுக்கும் மெக்கானிக் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு கேக் போகிற நிலையில் 28 அல்லது 30 லிட்டரே போதும், மிச்சப் பணத்தில் நல்ல டின்னும் தராசும் வாங்கலாம். தினமும் ஆர்டர் என்றால் 60 லிட்டர் நிச்சயம் காசுக்கு ஏற்றது. பத்தாயிரத்துக்கு மேல் ஓடிஜிக்குக் கொடுக்கிறவர்கள் உணவு விற்க வேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவைத் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, நான் எடுத்தபோது சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

கடைக்குப் போகும்போது நீங்கள் அதிகம் பயன்படுத்தும் டின் இரண்டைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். லிட்டர் கணக்கு உயரத்தையும் சேர்த்துத்தான், அகலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.