எழுதப் படிப்பதா, படிக்கப் படிப்பதா, இரண்டும் சேர்த்தா?

இலக்கியத்தில் பட்டம் பெற நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு: திறனாய்வு மட்டும், கதை கவிதை எழுதப் பழகும் படைப்பெழுத்து மட்டும், இரண்டும் கலந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பலர் பாய்ந்துவிடுகிறார்கள். எனக்கும் அதன் பக்கம்தான் சாய்வு. ஆனால் கலவை எப்படிக் கலந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திறனாய்வுப் படிப்பு வாசிப்பைக் கூர்மையாக்கும். கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929இல் அவர் வெளியிட்ட முடிவுகளைப் பார்த்தால், நன்றாகப் படித்த பிள்ளைகளே நேர்ப்பொருளில் தடுக்கி விழுந்திருப்பது தெரியும். கவனமாக வாசிப்பதும் பழகிப் பெற வேண்டிய கைத்திறன்தான். ஆனால் இந்தப் படிப்பில் கைக்கு வருவதெல்லாம் அச்சான, முடிந்துபோன நூல்கள். அந்த நாவல் வேறு எப்படியெல்லாம் போயிருக்கலாம், ஆசிரியர் எந்த அத்தியாயத்தில் திணறியிருப்பார் என்ற யோசனையே எழாமல் பட்டம் வாங்கிவிடலாம்.

படைப்பெழுத்துப் படிப்பில் இதற்கு நேர்மாறு. அதன் மையம் பட்டறை. ஒருவர் கதையைச் சக மாணவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள். பல பட்டறைகளில் அவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ‘இந்த இடம் ஓடவில்லை’ என்று பத்துப் பேர் சொல்லும்போது வரும் பாடம் எந்த விரிவுரையிலும் கிடைக்காது. சரி, ஏன் ஓடவில்லை? அதே சிக்கலை முன்னால் எழுதியவர்கள் எப்படிக் கடந்தார்கள்? அங்கேதான் பேச்சு நின்றுவிடும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து கதையைப் பொதுவான ஒரு ருசிக்குத் திருத்திக்கொடுப்பார்கள்.

கலப்புப் படிப்பு ஏதோ புதிய மோஸ்தர் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922இலேயே மேற்பட்டத்துக்குப் படைப்பை ஆய்வேட்டுக்குப் பதிலாக ஏற்க முன்வந்தது. 1930களில் அங்கே பேராசிரியராக இருந்த நார்மன் ஃபோர்ஸ்டர், விமர்சனமும் படைப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று வாதாடினார். 1936இல் தொடங்கிய புகழ்பெற்ற அயோவா எழுத்தாளர் பட்டறை அந்தச் சூழலில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் 1970இல் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து முதுகலைப் படிப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மால்கம் பிராட்பரி, நாவலாசிரியர், விமர்சகர், பேராசிரியர் மூன்றுமாக இருந்தவர்.

கலப்பிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று ஒட்டுவேலை. திங்கட்கிழமை கோட்பாடு, வியாழக்கிழமை பட்டறை. இந்த ஆசிரியர் என்ன நடத்துகிறார் என்று அந்த ஆசிரியருக்குத் தெரியாது. மாணவருக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இதற்கு இரண்டில் ஒன்றை மட்டும் முழுதாகப் படித்துவிட்டுப் போகலாம்.

இன்னொன்று நிஜமான கலப்பு. ‘நான்’ என்று சொல்லப்பட்ட ஒரு சிறுகதையைப் படர்க்கைக்கு மாற்றி எழுது, எங்கே உடைந்தது என்று நான்கு பக்கம் எழுது என்பார்கள். அந்த நான்கு பக்கம்தான் விமர்சனம். கதைசொல்லியை வாசகர் ஏன் நம்பினார், எந்த வாக்கியத்தில் சந்தேகப்படத் தொடங்கினார் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தபின் எழுதுகிற கட்டுரைக்குத் தனி எடை வரும்.

முனைவர் பட்டத்தில் இது இன்னும் சிக்கலாகும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு நாவலோ கவிதைத் தொகுப்போ, கூடவே ஓர் ஆய்வுப் பகுதியும் கேட்பார்கள். பெரும்பங்கு படைப்புக்கு, விகிதம் இடத்துக்கு இடம் மாறும். அந்த ஆய்வுப் பகுதியில் சொந்த நாவலுக்கே விளக்கவுரை எழுதுவதுதான் எனக்குப் பிடிக்காதது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எழுதியவரே தனக்கு வக்கீலாகிவிடுவார். அதைவிட மோசம், விளக்குவதற்கு வசதியான நாவலையே எழுதத் தொடங்கிவிடுவது. தன் நாவல் முட்டிக்கொண்ட அதே சுவரில் முட்டிய வேறு இரண்டு எழுத்தாளர்களைப் பற்றி எழுதினால் இரண்டு பகுதியும் பிழைக்கும்.

எழுதியே தீர வேண்டிய ஒரு நாவல் கையில் பாதி இருந்தால் தனிப் படைப்புப் படிப்பே போதும். நேரம்தான் அங்கே கிடைக்கும் பெரிய உதவி. ஆராய்ச்சியே லட்சியம் என்றால் திறனாய்வு. எழுதவும் வேண்டும், பிறகு கல்லூரியில் பாடம் நடத்தவும் வேண்டும் என்பவர் கலப்புக்குப் போகலாம். விண்ணப்பிக்கும் முன் அங்கே படிக்கும் யாரையாவது பிடித்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் கதையையும் கட்டுரையையும் ஒரே ஆள் படிக்கிறாரா?