ரவுண்ட்: வட்டமா, உருண்டையா?

ஆங்கிலத்தில் தட்டும் ரவுண்ட், பந்தும் ரவுண்ட். மொழிபெயர்க்கும்போது எனக்கு அடிக்கடி கை நிற்கும் இடம் இது. தமிழ் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

வட்டம் தட்டையானது. தோசை, நாணயம், வளையல் எல்லாம் அதில் சேரும்.

உருண்டை பந்துபோல எல்லாப் பக்கமும் திரண்டது. பொரி உருண்டை பிடிப்பதைப் பாருங்கள்: வெல்லப்பாகு ஆறுவதற்குள், உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, அழுத்தி உருட்ட வேண்டும். அந்த உருட்டலே சொல்லாகிவிட்டது. அதனால் ‘பூமி வட்டமானது’ என்று எழுதுவதைவிட ‘உருண்டையானது’ என்பதே சரி. முகம் மட்டும் விதிவிலக்கு. அது நமக்கு எப்போதும் வட்ட முகம்தான்.

அப்புறம், குத்துச்சண்டையின் 12 ரவுண்ட், நேர்முகத் தேர்வின் முதல் ரவுண்ட் மாதிரி இடங்களில் இரண்டுமே பொருந்தாது, அங்கே ‘சுற்று’. இந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் ‘ரொட்டுண்டஸ்’, சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’வின் உறவு. சுற்றும் பொருள் அதற்குள் முதலிலிருந்தே இருக்கிறது.