முப்பது டெசிபல் என்று ஒட்டி விற்ற பத்து டெசிபல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் எஸ்டிஆர் ஏற்பி (மென்பொருள் வழி இயங்கும் வானொலி ஏற்பி) வைத்திருக்கும் அமெச்சூர் வானொலி நண்பர்கள், அட்டெனுவேட்டர் (சமிக்ஞையின் வலுவைக் குறைக்கும் சிறு உதிரிபாகம்) வாங்கும் முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

என் 5 வாட் வாக்கி டாக்கி 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது எவ்வளவு ஹார்மோனிக் (அந்த அதிர்வெண்ணின் மடங்குகளில் கசியும் வேண்டாத அலை) வெளியேறுகிறது என்பதை ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் ஏற்பியில் பார்க்க நினைத்தேன். 5 வாட் என்பது 37 டிபிஎம் (1 மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்துத் திறனை டெசிபலில் சொல்லும் அளவு; ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு). அந்த ஏற்பியோ மைனஸ் 5 டிபிஎம்முக்கு மேல் தாங்காது. நடுவில் 60 டெசிபல் குறைத்தால் மைனஸ் 23 மட்டுமே போய்ச் சேரும் என்று கணக்கிட்டு, புதுச்சேரியில் ஒரு மின்னணு உதிரிபாகக் கடையில் 30 டெசிபல் அட்டெனுவேட்டர் இரண்டு கேட்டு வாங்கினேன். "பத்து வாட் வரைக்கும் தாங்கும் சார், தைரியமா மாட்டுங்க" என்றார் கடைக்காரர்.

இருபது விநாடி அழுத்திப் பிடித்திருப்பேன். முதல் அட்டெனுவேட்டர் விரல் வைக்க முடியாதபடி சுட்டது. அதன்பின் ஏற்பியில் முன்பெருக்கியை இயக்கினால், புதுச்சேரி வானொலியின் பண்பலை ஒலிபரப்பு உயர்வதற்குப் பதிலாகத் தாழ்ந்தது. பெருக்கி போய்விட்டது.

சூட்டில், "30 டெசிபல்" என்றிருந்த ஒட்டுத்தாளின் ஓரம் சுருண்டிருந்ததால் நகத்தால் உரித்தேன். உலோகத்தின் மேல் "10 டெசிபல், 2 வாட்" என்று பொறித்திருந்தது. இரண்டும் அப்படியே. ஆக ஏற்பிக்குள் போனது 17 டிபிஎம், அதாவது 50 மில்லிவாட். தாங்கக்கூடிய அளவைப் போல நூற்றைம்பது மடங்குக்கும் மேல். வாக்கி டாக்கியை 1 வாட்டுக்குக் குறைத்திருந்தாலும் 10 டிபிஎம் போயிருக்கும் என்பதால், குறைந்த திறனில் தொடங்கும் வழக்கமான எச்சரிக்கைகூட இங்கே காப்பாற்றியிருக்காது.

காப்பாற்றியிருக்கக்கூடியது சாதாரண மல்டிமீட்டர். மறுமுனையில் எதையும் மாட்டாமல், இரு முனைகளின் நடு ஊசிகளுக்கிடையே மின்தடையைப் பாருங்கள். 50 ஓம் அட்டெனுவேட்டர் உண்மையிலேயே 30 டெசிபல் என்றால் ஏறக்குறைய 94 ஓம் காட்டும். 20 என்றால் 82. 10 என்றால் 52. உள்ளே டிசி தடுப்பு (நேர்மின்னோட்டத்தை மறிக்கும் பகுதி) வைத்த வகைகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. வாட் அளவை மல்டிமீட்டர் சொல்லாது. ஆனால் சுண்டுவிரல் நுனியளவே உள்ள, வெப்பத் தகடு இல்லாத ஒன்றைப் பத்து வாட் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெப்பத்தின் பெரும்பகுதி முதல் அட்டெனுவேட்டரிலேயே இறங்குகிறது என்பதால், வாக்கி டாக்கியை ஒட்டி வருவது தகடு வைத்ததாகவே இருக்க வேண்டும்.

திரும்பப் போய்க் கேட்டபோது, நான் தவறாக மாட்டியிருப்பேன் என்றார் அவர். உரித்த ஒட்டுத்தாளைக் காட்டியதும், மொத்த வியாபாரி அப்படித்தான் அனுப்பினார் என்றார். பணமும் தரவில்லை, மாற்றியும் தரவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியது புதுச்சேரியிலானாலும் நான் வசிக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஆனால் என் கையில் இருப்பது, கடையின் பெயரோ தேதியோ இல்லாமல் "30டிபி – 2" என்று பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். அதே ஒட்டுத்தாளுடன் இன்னும் ஏழெட்டு அட்டெனுவேட்டர்கள் அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.